அழுகையும் பீட்டும் ஒன்றாக: ஸ்காண்டிநேவிய நடன இசையை எப்படிக் கேட்பது?

கேள்வி இது: "ஸ்வீடன், நார்வே பக்கத்து எலக்ட்ரானிக் பாட்டுகள் சிலவற்றைக் கேட்டேன். தாளம் ஆடச் சொல்கிறது, குரல் அழச் சொல்கிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடிகிறது? எங்கிருந்து தொடங்கலாம்? தொடர்ந்து கேட்டால் மனசு சோர்ந்துவிடாதா?"

முதல் கேள்விதான் முக்கியமானது. அதற்கு ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. இன்று இரவே செய்து பாருங்கள்.

ஸ்வீடன் பாடகி ராபின் 2010-ல் வெளியிட்ட ‘டான்சிங் ஆன் மை ஓன்’ பாட்டை முழுசாகக் கேளுங்கள். முடிந்த கையோடு, அதையே இங்கிலாந்துக்காரர் கேலம் ஸ்காட் பியானோவை வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடியிருப்பதைக் கேளுங்கள். வரிகள் கிட்டத்தட்ட ஒன்றே. கிளப்பின் ஒரு மூலையில் நிற்கிறாள் ஒருத்தி. அவள் காதலித்தவன் அவள் கண் முன்னாலேயே இன்னொருத்தியை முத்தமிடுகிறான். ஸ்காட் பாடும்போது நமக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது. அழகான சோகப் பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ராபின் பாடும்போது இரக்கத்துக்கு நேரமே இல்லை. கீழே உடைந்த பாட்டில் சில்லு, காலில் ஹை ஹீல்ஸ், அவள் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறாள். அடியில் அந்த சிந்தசைசர் பேஸ், தைக்கிற மிஷின் ஊசி மாதிரி ஓரிடம் விடாமல் குத்திக்கொண்டே போகிறது. பீட்டை எடுத்துவிட்டால் அது நடந்து முடிந்த ஒரு துக்கத்தைப் பற்றிய பாட்டு. பீட் இருக்கும்போது துக்கம் இந்த நிமிஷம் நடந்துகொண்டிருக்கிறது, அவளும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் நிற்கிறாள்.

நான் இந்த இசையைப் புரிந்துகொண்ட விதம் இதுதான்: பீட் சோகத்தை மறக்கடிக்க வரவில்லை. சோகத்தோடு நிற்பதற்குக் கால் கொடுக்க வருகிறது.

நமக்கு இது அப்படி ஒன்றும் புதுசும் இல்லை. சாவு வீட்டில் பறை முழங்க ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் துக்கம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு ஜோடியும் இருக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து உடன்பிறப்புகள் கரின் ட்ரையர், ஊலோஃப் ட்ரையர். 1999-ல் ‘தி நைஃப்’ என்ற பெயரில் சேர்ந்து இசைக்க ஆரம்பித்தார்கள். 2003-ல் வந்த அவர்களுடைய ‘டீப் கட்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஹார்ட்பீட்ஸ்’. பளபளப்பான பழைய பாணி சிந்தசைசர், அதன்மேல் தொண்டையை இறுக்கிக்கொண்டு பாடுகிற கரினின் குரல். அதே ஊர்க்காரரான ஹோசே கொன்சாலஸ் இதை ஒற்றை கிதாரில் பாடினார். 2005-ல் சோனி டிவி விளம்பரம் ஒன்றில் சான் பிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் இரண்டரை லட்சம் கலர்ப் பந்துகள் துள்ளி இறங்குமே, அதன் பின்னணியில் ஒலிப்பது அவர் குரல். உலகத்தில் பலருக்கு அந்த மென்மையான பாட்டுதான் தெரியும். அசலைக் கேட்டால் அதில் மென்மை கிடையாது, ஒரு பதற்றம் இருக்கிறது. ஒரு ராத்திரிக் காதலை நினைத்துப் பார்க்கிற ஒருவரின் நெஞ்சு அடித்துக்கொள்வதுபோல.

ராபினுக்கும் தி நைஃபுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1997-லேயே அமெரிக்காவின் முதல் பத்துப் பாட்டுகளுக்குள் வந்த இளம் பாப் பாடகி ராபின். பிறகு தி நைஃபோடு சேர்ந்து ‘ஹூஸ் தட் கேர்ள்’ என்று ஒரு பாட்டைச் செய்தார். அவருடைய கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. ராபின் அங்கிருந்து விலகி, 2005-ல் ‘கொனிச்சிவா’ என்ற தன் சொந்த லேபிளைத் தொடங்கினார். அந்த ஒரு பாட்டுக்காக அவர் பிடிவாதமாக நிற்காமல் போயிருந்தால் இன்று நாம் கேட்கிற ராபின் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, இந்த இசை உள்ளே எப்படி வேலை செய்கிறது? அடிப்படை மிக எளிது. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு கிக் டிரம் அடி, ஏற்ற இறக்கம் இல்லாமல். நிமிஷத்துக்கு 115-லிருந்து 125 அடி வரை. வேகமாக நடக்கிறவரின் காலடிக்கு அருகில் வருகிற கணக்கு இது. உட்கார்ந்திருந்தாலும் உடம்பு நடக்கத் தயாராகிவிடுகிறது. அதன்மேல் நீளமான சிந்தசைசர் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை, பரப்பி, கிக் விழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கார்டுகளின் ஒலி ஒரு கணம் தாழ்ந்து எழும்படி செய்வார்கள். சைட்செயின் கம்ப்ரெஷன் என்று பெயர். கேட்பதற்கு முழுப் பாட்டும் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். அழுது முடித்தவர்கள் மூச்சு வாங்குவார்களே, அப்படி.

ஸ்கேல் விஷயத்தில் நம் காதுக்கு ஒரு வசதி உண்டு. இவர்கள் அதிகம் பயன்படுத்தும் இயல்பான மைனர் ஸ்கேல் நம்முடைய நடபைரவி. அதன் நிஷாதத்தை ஏற்றினால் கீரவாணி. கர்நாடக சங்கீதமோ சினிமாப் பாட்டோ கொஞ்சம் கேட்டவர்களுக்கு இந்த ஸ்வரங்கள் அந்நியமாகத் தெரியாது. ஆனால் மைனர் ஸ்கேல் இருப்பதால்தான் சோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘டான்சிங் ஆன் மை ஓன்’ மேஜர் ஸ்கேலில் அமைந்த பாட்டு, நம் கணக்கில் சங்கராபரணம். அப்புறம் எங்கிருந்து வருகிறது அந்த வலி? ராபின் குரலை உயர்த்தி மன்றாட வேண்டிய இடத்தில்கூட மன்றாடாமல் பாடுகிறார். அங்கிருந்து வருகிறது.

இந்த வித்தையை முழுசாகப் பார்க்க, ராபினும் கிளேருப் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து செய்த ‘வித் எவ்ரி ஹார்ட்பீட்’ பாட்டுக்குப் போங்கள். 2007-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. இத்தனைக்கும் வழக்கமான பல்லவி என்று அதில் ஒன்று கிடையாது. நடுவில் டிரம் எல்லாம் விலகி, வயலின்கள் மட்டும் எழுந்து வருகின்றன. நடன அரங்கில் ஆடிக்கொண்டிருக்கிறவனின் காலடியிலிருந்து தரையை உருவுகிற மாதிரி. அங்கே நின்று நின்று கூட்டிக்கொண்டே போய், பீட் திரும்பி வரும்போது அவர் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்: ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் வலிக்கிறது என்று. அந்தத் துடிப்பு எது என்று நமக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, அது காதில் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கேட்கும்போது எனக்கு இன்றும் கை சில்லிட்டுப் போகும்.

2019 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ராபினின் கச்சேரி முடிந்து, கீழே சுரங்க ரயில் பிளாட்பாரத்தில் ரசிகர் கூட்டம் ரயிலுக்குக் காத்திருந்தது. யாரோ ஆரம்பிக்க, மொத்தப் பிளாட்பாரமும் ‘டான்சிங் ஆன் மை ஓன்’ பாடி ஆடியது. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். ‘நான் தனியாக ஆடுகிறேன்’ என்கிற பாட்டை அத்தனை பேர் சேர்ந்து பாடுகிறார்கள். இந்த இசை எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்த வீடியோவைத்தான் காட்டுவேன்.

இதுவரை சொன்னது வெளிச்சமான பக்கம். உண்மையான இருட்டு வேண்டுமென்றால் தி நைஃப் 2006-ல் கொண்டுவந்த ‘சைலன்ட் ஷவுட்’ ஆல்பத்துக்கு வர வேண்டும். அதன் முதல் பாட்டுக்கும் அதே பெயர். ஆரம்பத்தில் ஒரு மங்கலான துடிப்பு. கொஞ்ச நேரத்தில் சிந்தசைசர் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்து ஏறி இறங்கத் தொடங்கும், கண்ணாடி மணிகளைப் படியில் கொட்டியதுபோல். பிறகு குரல். கரினின் குரலோடு அதையே கம்ப்யூட்டரில் தாழ்த்திய இன்னொரு குரலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆணா பெண்ணா, மனிதரா வேறு ஏதாவதா என்று பிடிபடாது. பாட்டில் வருகிற கனவில் பல்லெல்லாம் விழுந்துவிடுகிறது, வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. பல் விழுகிற மாதிரி கனவு கண்டால் வீட்டில் யாருக்கோ ஆகாது என்று பாட்டி சொல்லிக் கேட்ட காதுக்கு, இந்த வரி வேறு எவரையும்விடக் கூடுதலாகவே சுடும். அன்பானவரிடம் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் போகிற பயம்தான் அந்தப் பாட்டு. அதற்குப் பின்னால் பீட் அசைந்து கொடுக்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஸ்வீடனின் கிராமிஸ் விழாவில் 2007-ல் இந்த ஆல்பத்துக்காக அவர்களுக்கு ஆறு விருதுகள். அதற்கு முன் கிடைத்த ஒரு கிராமிஸ் விருதுக்கு அவர்கள் போகவே இல்லை. தங்களுக்குப் பதிலாக, உடையில் 50 என்று எழுதிக்கொண்ட, கொரில்லா வேடமிட்ட இரண்டு பேரை அனுப்பினார்கள். இசைத்துறையில் ஆண்களின் ஆதிக்கத்துக்கு எதிரான கண்டனம் அது. படங்களில் முகமூடியோடுதான் வருவார்கள். பலர் இதை விளம்பர உத்தி என்று நினைத்தார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரலை மாற்றுவதும் முகத்தை மறைப்பதும் ஒரே வேலைதான். இது ஒரு பிரபலத்தின் சொந்தக் கதை என்று நீங்கள் நினைக்காமல், உங்கள் கதையாகக் கேட்பதற்கு இடம் விடுகிறார்கள்.

ஏன் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இப்படி வருகிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில் குளிரும் இருட்டும். பாதி உண்மை. நார்வேயின் ட்ரோம்ஸோ நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீல நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். அவர்கள் மொழியில் அதற்கு ‘இருட்டுக் காலம்’ என்றே பெயர். அந்தச் சின்ன ஊரிலிருந்து பயோஸ்ஃபியர் என்ற பெயரில் இசைக்கும் கெய்ர் யென்சன் வந்தார், ராய்க்சாப் என்ற இருவர் குழுவின் ஸ்வைன் பெர்கே, டோர்பியோர்ன் ப்ருன்ட்லாண்ட் வந்தார்கள். ஊருக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து லிண்ட்ஸ்ட்ரோம், டாட் டெர்யே போன்றவர்கள் கடற்கரை வெயில் மாதிரியான டிஸ்கோவைச் செய்தார்கள். வெறும் வானிலை மட்டும் காரணமென்றால் அது எப்படி?

எனக்கு இன்னும் இரண்டு காரணங்கள் படுகின்றன. ஒன்று, ஸ்வீடனில் ஊர்தோறும் நகராட்சி நடத்தும் இசைப் பள்ளிகள். குறைந்த செலவில் பிள்ளைகள் வாத்தியம் பழகலாம். ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள்தொகை உள்ள நாட்டிலிருந்து இவ்வளவு பேர் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். இரண்டாவது, பழக்கம். ‘அபா’ பாப் குழுவின் காலத்திலிருந்தே துள்ளலான இசைக்குள் பிரிவுத் துயரத்தை வைப்பது அங்கே சகஜம். ‘வேமூட்’ என்று ஸ்வீடிஷில் ஒரு சொல் உண்டு, இனிப்பு கலந்த ஏக்கம் என்று சொல்லலாம். அழுகை என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணோரம் ஈரம் இருக்கும். அந்தச் சொல் தெரிந்தால் பாதிப் பாட்டு புரிந்துவிடும்.

ராய்க்சாப் பற்றிக் கொஞ்சம். 2001-ல் வந்த முதல் ஆல்பம் ‘மெலடி ஏ.எம்.’ இதமானது, காலையில் கேட்கலாம். நீங்கள் தேடுவது அதற்கு அடுத்த ‘தி அண்டர்ஸ்டாண்டிங்’ ஆல்பத்தில் இருக்கிறது, 2005-ல் வந்தது. அதில் ‘வாட் எல்ஸ் இஸ் தேர்?’ என்ற பாட்டில் பாடுவது அதே கரின் ட்ரையர். ராத்திரிச் சாலையில் நின்றது நான்தான், உன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று ஆரம்பிக்கிறது. இந்த வகை முழுவதிலிருந்தும் ஒரே ஒரு பாட்டைத்தான் கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன். டென்மார்க்கின் ட்ரென்டெமோலர் இதற்குச் செய்த ரீமிக்ஸும் அசலுக்குச் சமமாகப் பேசப்படுகிறது. இன்னும் இறுக்கம், இன்னும் இருட்டு. 2014-ல் வந்த ‘தி இன்எவிட்டபிள் எண்ட்’ ஆல்பத்தில் நார்வேயின் சுசானே சுன்ட்ஃபோர் பாடும் ‘ரன்னிங் டு தி சீ’ பாட்டையும் விடாதீர்கள். சுசானேயின் சொந்த ஆல்பம் ‘டென் லவ் சாங்ஸ்’ 2015-ல் வந்தது. தேவாலய ஆர்கனும் டிஸ்கோ பீட்டும் கைகோர்க்கும் துணிச்சல் அதில் இருக்கிறது. அதற்குக் கிடைக்க வேண்டிய பேர் நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

நான் இந்த இசைக்குள் விழுந்தது ஒரு மின்வெட்டில். 2012-ல் தென்மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். தெரு முழுக்க இருட்டு, எங்கோ ஒரு வீட்டில் மட்டும் இன்வர்ட்டர் விளக்கு. காதில் கரின் தனியாக ‘ஃபீவர் ரே’ என்ற பெயரில் 2009-ல் வெளியிட்ட ஆல்பம். மெதுவான பீட், ஆடுவதற்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. இரண்டாவது குழந்தை பிறந்தபின், தூக்கம் கெட்ட நாட்களில் உருவான பாட்டுகள் அவை. ‘செவன்’ என்ற பாட்டில் தோழிகள் இருவர் காதலைப் பற்றிப் பேசுகிறார்கள், அடுத்த மூச்சில் பாத்திரம் கழுவும் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை இருட்டான இசை என்றால் பேய், சாவு, சுடுகாடு என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே இருட்டு என்பது சமையலறையில் விளக்கை அணைத்தபின் இருக்கிற இருட்டு. கரண்ட் வந்து கீழே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது, நான் இறங்கிப் போகவில்லை. ஆல்பம் முடிந்தபிறகுதான் எழுந்தேன்.

டென்மார்க்கை நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அங்கே பாட்டு வரிகளின் உதவி குறைவு. ட்ரென்டெமோலரின் ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ 2006-ல் வந்தது, பெரும்பாலும் குரலே இல்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு உணர்வு. அதற்கும் அப்பால் கோபன்ஹேகனின் இன்றைய இளைஞர்கள் செய்யும் வேகமான டெக்னோ இருக்கிறது. கோர்ட்டசி என்ற டிஜேயின் ‘குலோர்’ லேபிளில் தொடங்கலாம். நிமிஷத்துக்கு 140 அடிக்கு மேல் போகும், ஆனால் மேலே மிதக்கும் மெட்டில் பழைய டிரான்ஸ் இசையின் ஏக்கம் அப்படியே இருக்கும். கறுப்பு உடை, கனமான குரல் வகை பிடிக்குமென்றால் ஸ்வீடனின் கவனன்ட், நார்வேயின் அபாப்டிக்மா பெர்சர்க் ஆகிய இரண்டு குழுக்களையும் கேட்டுப் பாருங்கள். எனக்கு அவர்களிடம் ஒட்டுதல் குறைவு, அது என் ரசனை.

கேட்கும் விதம் பற்றி ஒன்றே ஒன்று வற்புறுத்துவேன். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிக் டிரம்மின் அடிநாதம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், போன் ஸ்பீக்கரிலிருந்து அது வெளியே வரவே வராது. பீட் இல்லாமல் கேட்டால் என்ன மிஞ்சும் என்று முதலிலேயே பார்த்தோம். விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை. காதில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற சாதாரண இயர்போன் போதும். சத்தத்தை ரொம்பக் கூட்ட வேண்டியதும் இல்லை. வேறு வேலைக்குப் பின்னணியாக ஓடவிடாமல், ராத்திரி நடந்துகொண்டோ, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோ கேளுங்கள். உடம்பு கொஞ்சம் அசைய வேண்டும். ராபினில் தொடங்கி, ராய்க்சாப் வழியாக, தி நைஃபுக்கு வருவது சுலபமான பாதை.

மனசு சோர்ந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் இல்லை. நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்த மாதங்களில் நான் அதிகம் கேட்டது ராபினின் ‘ஹனி’ ஆல்பம். அவரும் தன் நண்பரும் இசைத் துணையுமான கிறிஸ்டியன் ஃபால்க்கை 2014-ல் இழந்தபின், 2018-ல் கொண்டுவந்தது அது. ஆறுதல் வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. ஆறுதல் வார்த்தைகளை அப்போது நான் வேண்டிய மட்டும் கேட்டுச் சலித்திருந்தேன். அந்த ஆல்பம் என்னை எழுப்பி நடக்க வைத்தது. ஆனால் ஒருவருக்குத் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறதென்றால், அவர் முதலில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், பாட்டு அப்புறம்.

‘சைலன்ட் ஷவுட்’ ஆல்பத்துக்கு வரும்போது பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள், முதலிலிருந்து வரிசையாகப் போங்கள். கடைசிப் பாட்டு ‘ஸ்டில் லைட்’. அத்தனை பாட்டுகளாக உங்களைத் தாங்கிக்கொண்டு வந்த பீட் அதில் இருக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வருவதுபோல் ஒரு மெல்லிய குரல் மட்டும், எல்லோரும் எங்கே, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்கும்.